நேற்றைய தண்ணீர்

என் கணவர் கடையை மூடிய அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தது கள்ளிச் செடிகளை மட்டும்தான். தி. நகரில் ஒரு சந்துக்குள் இருந்த ரெடிமேட் கடை அது. பொம்மைகள், அலமாரிகள், கண்ணாடிக் கதவு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டார். கல்லாவின் பக்கத்தில் வளர்த்த செடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பச்சைத் தண்டின் மேல் சிவப்புத் தலை ஒட்டவைத்த ஒன்று. முயல் காதுகளைப் போல இரண்டு தட்டைகள் நீட்டி நிற்கும் சப்பாத்திக்கள்ளி ஒன்று. மற்றவை உருண்டைகள்.

கூடத்து ஜன்னலில் அவற்றை வரிசையாக வைத்தார். பிறகு உள்ளறைக்குப் போய்ப் படுத்தார். சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் மட்டும் எழுந்து வந்தார். சில வாரங்களில் குளியலும் குறைந்தது. கடை மூடிய செய்தி கேட்டுத் திருநெல்வேலியிலிருந்து வந்த மாமியார், மகனை விட்டுப் போக மனமில்லாமல் எங்களோடு தங்கிவிட்டார்.

அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் இரண்டு முறை நேரம் வாங்கினேன். இரண்டு முறையும் கிளம்பும் நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்." மருத்துவர் போனில் என்னிடம் சொன்னார்: இழுத்து வர வேண்டாம், அவராகச் சம்மதிக்கட்டும். அதுவரை எதிலாவது அவருக்குப் பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்ப்பதும் சரிபார்ப்பதும்தான் என் வேலை. செய்தித்தாள் அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் பார்ப்பதற்கு அந்த ஜன்னல்தான் இருந்தது. கடையில் இருந்தபோது அவர் ஒரு ஈர்க்குச்சியை மண்ணில் செருகி எடுப்பார். குச்சியில் மண் ஒட்டியிருந்தால் தண்ணீர் கிடையாது. சுத்தமாக வந்தால் மட்டும், செடியின் மேல் படாமல், ஓரமாக ஊற்றுவார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் அலுவலகம் கிளம்பும்போது தொட்டிகளில் மண் கறுத்து ஈரமாக இருந்தது. அவர் எழுந்து வந்து ஊற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் ஈரம். செடிகள் பளபளவென்று உப்பிக்கொண்டு வந்தன, கடையில்கூட அவற்றை அப்படிப் பார்த்ததில்லை. பேருந்தில் உட்கார்ந்து மருத்துவருக்குச் செய்தி அனுப்பினேன்: செடிகளைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறார். வேறு யாராவது அப்படி எழுதிக் கொடுத்திருந்தால், யார் பார்த்தது என்று கேட்டிருப்பேன்.

சிவப்புத் தலைச் செடிதான் முதலில் போனது. ஜன்னல் கதவைச் சாத்தும்போது கை லேசாகப் பட்டது. தண்டு மடிந்து, தலை தனியாகக் கீழே விழுந்தது. தோல் பச்சையாகவே இருந்தது. உள்ளே பழுப்பாகக் கரைந்து, அழுகிய பூசணியின் வாடை அடித்தது. உள்ளறையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பையில் அதைச் சுருட்டிக் கைப்பையில் திணித்தேன். அவர் பார்க்கக் கூடாது. எனக்குத் தெரிந்து அவரை இந்த வீட்டில் பிடித்துவைத்திருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான்.

அலுவலகத்துக்குத் தாமதம் என்று சொல்லிவிட்டு அடையாறு நடைபாதை நர்சரிக்குப் போனேன். செல்பேசியில் இருந்த படத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன்.

"இன்னாக்கா, செடியத் தேடுறியா, காணாப்போன ஆளத் தேடுறியா? போட்டோவெல்லாம் காட்டிக்கினு கீற."

"இதே மாதிரி வேணும். இதே உயரம்."

"சேப்பு தல இல்லக்கா. மஞ்ச கீது, எத்துக்கினு போ. ஊட்ல அண்ணாத்த இன்னா, தலையப் பாத்துக்கினேவா குந்திக்கினு கீறாரு?"

அவர் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். மஞ்சளை வாங்கவில்லை. வெறுங்கையோடு பேருந்து ஏறினேன்.

மறுநாள் விடிந்ததும் எழுந்து கூடத்துக்கு வந்தேன். ஜன்னலருகே என் மாமியார் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் குடிநீர்க் குடத்தைக் கழுவிப் புதிதாகப் பிடிப்பது அவர் வழக்கம். முந்தின நாள் மிச்சத் தண்ணீரைக் குடிக்கவும் மாட்டார், சாக்கடையில் கொட்டவும் மாட்டார். அது செடிக்குத்தான் போக வேண்டும். ஊரில் வீட்டைச் சுற்றிலும் செடிகள். எங்கள் மூன்றாவது மாடியில் வேறு செடி ஏது?

"அத்தை, நீங்களா ஊத்துறீங்க?"

"பின்ன? முள்ளுச்செடிய வீட்டுக்குள்ள வைக்கப்படாதும்பாவ. அவன் ஆசையா வச்சிருக்கானேன்னு நானும் சும்மா இருக்கேன். பச்சத் தண்ணிகூட இல்லாம அது தவிக்கப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா? எப்படித் தெளிஞ்சிருக்கு பாரு."

"அழுகிப்போச்சு அத்தை. இதுக்கு அடிக்கடி ஊத்தக் கூடாது."

"நீயாம்மா ஊத்துன?" என்ற குரல் பின்னாலிருந்து கேட்டது. உள்ளறை வாசலில் என் கணவர் நின்றிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மண்ணு ஈரமா இருக்கிறதப் பாத்தேன். நீ ஊத்துறன்னு நினைச்சேன்."

"எப்போ பார்த்தீங்க?"

"ரொம்ப நாளாச்சு."

"அழுகிடும்னு தெரியுமே உங்களுக்கு."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

கோபமே இல்லை, குரலில். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். தினமும் அந்தப் பக்கமாக நடந்து, அவை சாவதைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். அதற்கு முன்பு எனக்கு இருந்தது கவலை. அந்த நிமிடம் வந்தது பயம். அவரை மாமியாரிடம் மட்டும் விட்டுவிட்டு இனி எப்படி அலுவலகம் போவேன் என்று தெரியவில்லை.

மாமியாருக்கு எங்கள் பேச்சில் பாதிதான் புரிந்திருக்க வேண்டும். தன் கையால் கெட்டது என்பது மட்டும் புரிந்தது. சரிந்து நின்ற முயல் காதுச் செடியை நிமிர்த்திவிடலாம் என்று உள்ளங்கையால் அப்பிப் பிடித்தார். அதில் நீள முள் கிடையாது. மஞ்சள் பொடிபோலச் சுணைதான். நூற்றுக்கணக்கில் கையில் இறங்கியது. "ஏ யம்மா!" என்று கையைச் சேலையில் தேய்க்கப் போனார்.

"தேய்க்காதம்மா!" வாசலிலிருந்து மூன்றே எட்டில் வந்து என் கணவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "தேய்ச்சா உள்ள போயிடும். டேப் எங்க?"

அது என்னிடம் கேட்ட கேள்வி. செல்லோடேப்பை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அம்மாவை உட்காரவைத்து, டேப்பைக் கிழித்து, கையில் ஒட்டி, சுணை சாய்ந்திருக்கும் திசையைப் பார்த்து வெடுக்கென்று உரித்தார். மறுபடி ஒட்டினார். தாடி வளர்ந்த முகம் அம்மாவின் விரல்மேல் கவிழ்ந்திருந்தது.

"டாக்டர்கிட்ட நேரம் கேட்கட்டுமா?" என்றேன். இப்போது கேட்காவிட்டால் பிறகு முடியாது என்று தோன்றியது.

அவர் அடுத்த விரலுக்குப் போனார்.

"ஏல, அவ கேக்கால்லா" என்றார் மாமியார்.

"ஆட்டாதம்மா கைய." இன்னொரு துண்டு கிழித்தார். "கேளு."

அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே நின்று அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது. என் கணவர் கட்டைவிரலை முடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "அவ்ளோதான்" என்று டேப்பைக் கீழே வைத்து, உள்ளறைக்குப் போக எழுந்துகொள்ளத் தரையில் கை ஊன்றினார். நான் மூன்றாம் முறையாக எண்ணை அழுத்தினேன்.

மாமியார் என்னைப் பார்த்தார், என் காதிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு செடியைத் தொடவே தொடாத இடது கையை மகனிடம் நீட்டினார்.

"இதுலயும் குத்துதுய்யா. நல்லாப் பாரு."