தகட்டில் வெட்டிய புள்ளிகள்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருப்பேன், சில இடங்களில் கொம்பை விட்டிருப்பேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பெற்ற மகன் முன்னாலும் அப்படித்தான்.

மகன் வீட்டிலேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருக்கிறான். வேலை முடிந்து வந்த பிறகு ஆசைக்குச் செய்வது. உள்வேலை எல்லாம் முடிந்துவிட்டது. குமிழ்கள் வருகிற முன்தகடு மட்டும்தான் பாக்கி. போன வாரம் போனைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். ஸ்டிக்கர் மலிவு, ஆனால் ஓரம் பிய்ந்துகொண்டு வரும். அக்ரிலிக்கில் அச்சடித்தால் அழகாக இருக்கும், விலை கூட. லேசரில் எழுத்தை வெட்டித் தரவும் திண்டுக்கல்லிலேயே ஆள் இருக்கிறார்களாம்.

"வெட்டுன எழுத்துக்குள்ள கறுப்பை நிரப்பி, மேல வழவழன்னு தேச்சுக் குடுத்துருவாங்கப்பா. தடவிப் பாத்தாக்கூடத் தெரியாது. எதைப் போடலாம்?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று அவன் தன் அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது. கோபம் ஒன்றுமில்லை.

என் அப்பா மைக்செட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுக்கிறவர். கடை கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, அதன்மேல் பற்றவைக்கும் கம்பி, ஒரு டப்பா நிறைய உதிரிச் சாமான்கள், அவ்வளவுதான். சாணார்பட்டிப் பக்கம் நாலைந்து ஊர்களில் அவர் செய்த பெட்டிகள் பாடிக்கொண்டிருந்தன. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம் எங்கள் மாதா கோயிலுக்கே ஒரு புதுப் பெட்டி செய்யும் வேலை அவருக்கு வந்தது. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட உபதேசியார்தான் அதைக் கொடுத்தார். பெட்டி நன்றாக அமைந்து, திருவிழாப் பூசையில் அப்பாவே அதை இயக்கிக் காட்டினால், வருஷம் முழுக்கக் கோயில் மைக் அவர் பொறுப்பு என்று பேச்சு. மாதாமாதம் சம்பளம் வருகிற வேலை எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் இருந்ததில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

அந்த வருஷம் அப்பா ஒரு புதுப் பழக்கம் வைத்திருந்தார். ரெசிஸ்டர் என்று அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சாமான் உண்டு. அதன் உடம்பில் வண்ணக்கோடுகள் இருக்கும். அதை என் கையில் கொடுத்து, "என்ன கலருன்னு சொல்லு பாப்போம்" என்பார். சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்பேன். "நல்லாப் பாத்துச் சொல்லு, ஆரஞ்சு இல்லையே?" என்பார். எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். ஒரு தடவைகூட நான் தவறியதில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டேன்.

பெட்டி முடிந்தது. முன்தகட்டில்தான் தகராறு வந்தது. உபதேசியார் மதுரையிலிருந்து ஒரு மாதிரித் தகடு வாங்கி வந்திருந்தார். கறுப்புப் பரப்பில் தங்க நிற எழுத்து அச்சடித்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை.

"கண்ணாடி மாதிரி இருக்கு பாருய்யா" என்றார் உபதேசியார். "வெல கூடன்னா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நம்ம அச்சாபீஸ்லயே தகட்டுல அடிச்சுக் குடுக்குறானாம். சல்லிசா முடிஞ்சிரும்."

அப்பா தகட்டைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். "வழுக்குதுங்கய்யா. அச்சு, கை வேர்வையில அழிஞ்சிரும். நான் வெட்டிக்கிறேன்."

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனார். கடை வாசலில் ஒருவர் சாக்கை விரித்து உட்கார்ந்து, குடத்திலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டிக்கொண்டிருப்பார். சிற்றுளியும் சுத்தியலும்தான் கருவி. அப்பா அவர் முன்னால் அலுமினியத் தகட்டை வைத்தார். எட்டுக் குமிழ் வரும், இரண்டு வரிசை. எழுத்து பெரிதாக வேண்டும். ஒவ்வொரு குமிழுக்கு மேலேயும் எண்ணிக்கையாகப் புள்ளி வேண்டும். சாமியார் நிற்கும் பீட மைக்குக்கு ஒன்று, பாடகர் மைக்குக்கு இரண்டு, அப்படியே எட்டுவரை. சத்தத்தின் அளவு தெரியக் குமிழைச் சுற்றிலும் புள்ளி வேண்டும்.

"என்னண்ணே, கொள்ளு வெதச்ச மாதிரி இம்புட்டுப் புள்ளி?" என்றார் அவர். "ஓரத்துல 'அன்பளிப்பு'ன்னு ஒண்ணப் போட்டு விட்ரவா?"

"போடு, ஒன் மாமியார் பேருல போடு" என்றார் அப்பா. "ஆனா ஆழமா வெட்டு. நகம் எறங்கணும்."

வெட்டி முடித்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு தகடு முழுவதையும் விரலால் தடவினார். எனக்கு அழுகை வந்தது. தங்க எழுத்து வர வேண்டிய இடத்தில் குடத்தில் இருப்பதைப் போலக் கொத்திக் கொத்தி எழுதிய எழுத்து. பெட்டியை மூட்டிய பிறகு அப்பா ஒரு வாரம் அதன் முன்னால் உட்கார்ந்து, பாட்டுப் போடாமலே குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அப்பா கோயிலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் போயிருந்தார். அம்மா கோயில் கூட்டப் போயிருந்தாள். எங்கள் தெருமுனையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. தகரத்தில் பள்ளம் விழுந்தால் அதில் லப்பம் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்குவார்கள். தினமும் பார்க்கிற வேலைதான். ஒரு உருண்டை லப்பம் கேட்டு வாங்கி, அதில் கரிப்பொடி கலந்து, ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு புள்ளியிலும் அடைத்தேன். காய்ந்த பிறகு தேய்த்தேன். கை எரிகிற மட்டும் தேய்த்தேன். கடைசியில் அப்பா சாமான் துடைக்க வைத்திருந்த, சாராய வாடை அடிக்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தபோது, வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்துகள் அச்சடித்த மாதிரி நின்றன. அதே துணியால் பெட்டியை மூடி வைத்தேன். திருவிழாவன்று அப்பா பார்த்து அசந்துபோகட்டும் என்று இருந்தேன்.

பூசையில் நான் சாமியாருக்கு உதவும் சிறுவர்களில் ஒருவனாகப் பீடத்தில் நின்றேன். பக்கத்தறையில் அப்பா அப்போதுதான் துணியை அவிழ்த்த பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. பாட்டு ஆரம்பித்ததிலிருந்து அவர் தகட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். மேலே, கீழே, மறுபடியும் மேலே. நான் செய்த வேலையை ரசிக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் பொங்கியது.

சாமியார் அப்பத்தை உயர்த்தும் நேரம். கோயிலே முழங்காலில் இருந்தது. அந்த நேரத்தில் பாடகர் மைக்கை மூடிவிட்டுப் பீட மைக்கைக் கூட்ட வேண்டும். அப்பாவின் கை ஒரு குமிழைத் திருப்பியது. கோபுரக் குழாய்கள் எல்லாவற்றிலும், பாடகர் பக்கத்திலிருந்து ஒரு ஆண்குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

"ஏலே, வெஞ்சனம் என்னன்னு பாத்துட்டியா? கறி தீந்துரப் போகுது."

யாரோ சிரித்தார்கள். அப்பா அவசரமாக இன்னொரு குமிழைத் திருப்பினார். பெட்டி ஊளையிட ஆரம்பித்தது. கைக்குழந்தைகள் வீறிட்டன. ஊளை நிற்கவே இல்லை. உபதேசியார் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். மீதிப் பூசையைச் சாமியார் மைக் இல்லாமல் தொண்டை கட்டக் கட்ட முடித்தார்.

பூசை முடிந்து நான் பக்கத்தறைக்குப் போனபோது அப்பா இன்னும் அதே ஸ்டூலில் இருந்தார்.

"பீடத்து மைக் எது, பாட்டு மைக் எதுன்னு இம்புட்டுப் பெருசா எழுதியிருக்கு. கண்ணு தெரியலையாய்யா ஒனக்கு?" என்று கத்தினார் உபதேசியார். உபதேசியார் பெட்டியின் மேல் குனிந்து மூக்கை உறிஞ்சினார். "என்ன வாடை இது? குடிச்சிருக்கியா?"

அப்பாவின் விரல் தகட்டில் இன்னொரு தடவை ஓடி நின்றது. பிறகு, "ஆமாங்கய்யா" என்றார். "திருவிழாவாச்சேன்னு. செத்தக் கூடிப்போச்சு."

என் அப்பா குடித்து நான் பார்த்ததில்லை. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். இல்லை என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடிய விட்டுட்டு அடுத்த வருசம் வா, பாப்போம்" என்றார் உபதேசியார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பெட்டியை மடியில் வைத்து மறுபடி தடவினார். "நீயா தேச்ச, அப்பு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாத் தேச்சிருக்க. ஒரு சொரசொரப்புக்கூட இல்ல" என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றேன்.

அடுத்த திருவிழாவுக்குள் அப்பாவின் பார்வை முழுதும் போய்விட்டது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு மோட்டார் வைண்டிங் பட்டறைக்குப் போனேன். குடிகாரனுக்கு மறுபடியும் யாராவது வேலை கொடுப்பார்கள், கண் போனவனிடம் யார் பெட்டி செய்யச் சொல்வார்கள் என்று அப்பா அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறார். அப்பாவை அடக்கம் செய்து வந்த பிறகுதான் அம்மா இதை என்னிடம் சொன்னாள். லப்பத்தைப் பற்றி அப்பா அவளிடம்கூட வாய் திறக்கவில்லை.

அந்தத் திருவிழா முடிந்த சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். என் முறை வந்ததும் சாமியாரின் காதோரம் முழங்காலிட்டு, "எங்க அப்பா குடிக்கிறாரு சாமி" என்றேன்.

"அது அவரு சொல்ல வேண்டியது. நீ ஒன் பாவத்தைச் சொல்லு" என்றார் சாமியார்.

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். அந்த மாதம் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. யாரும் சொல்லாமலே அப்பாவுக்கு ஒரு நல்ல காரியம்தான் செய்திருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சாமி" என்றேன்.

எழுதியது: கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், காலை.