ஒன்றரைக் காத்தி கிஸ்மிஸ்

மலேசிய மலையூரான ரிங்லெட்டின் கடையில் கிஸ்மிஸ் பழத்துக்குக் கிஸ்மிஸ் என்றே பெயர். மலாய்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த புதிதில் அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் கூடப்பிறந்தவளைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அளவு சொன்னபோதுதான் உறவு முறிந்தது. மூன்று உழக்கு என்றேன். கடைக்காரச் சீனர் கம்புத் தராசைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார். இங்கே எல்லாம் காத்திக் கணக்கு. அறுநூறு கிராமுக்குச் சற்றுக் கூட இருந்தால் ஒரு காத்தி.

எழுபதுகளில், எஸ்டேட்டில் எனக்கு அது முதல் கிறிஸ்துமஸ். பாளையங்கோட்டையில் அம்மா கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழத்தை உழக்கில் அள்ளித் தலைதட்டிப் போடுவாள். நிறுத்துப் பார்த்ததே இல்லை. மேலும் கீழும் கரிநெருப்பு வைத்து வேகவிடும் அந்தக் கேக் வாசம் வந்தால்தான் எங்கள் தெருவில் கிறிஸ்து பிறப்பார். தேயிலைக் குளிரில் அதை நினைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அந்த ருசி மட்டும் இங்கே கிடைத்துவிட்டால் இந்த மலையில் இருந்துவிடலாம் என்று பட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அரிசியின் எடை. மூன்று உழக்கு அரிசி ஏறக்குறைய ஒன்றரைக் காத்தி வரும்; பழமும் அவ்வளவுதானே என்று விரலைக் காட்டி ஒன்றரை கேட்டேன். கடைக்காரர் மலாயில் ஏதோ கேட்டார், விளங்காமல் தலையாட்டினேன். வீட்டில் கல்யாணமா என்று கேட்டாராம். மறுநாள் என் வீட்டுக்காரருக்கு வாழ்த்து வேறு சொல்லியிருக்கிறார்.

அரிசி உழக்குக்குள் நெருங்கி உட்காரும், சுருங்கிய பழம் இடைவெளி விட்டுத்தான் உட்காரும் என்பது எல்லாவற்றையும் மாவில் கொட்டிக் கிளறிய பிறகே உறைத்தது. மூன்று உழக்குப் பழத்துக்கு ஒரு காத்தியே போதும். கேக் உப்பவில்லை, வெட்டினால் உதிர்ந்தது. அது அம்மாவின் கேக் இல்லை. வழக்கத்தை விடக்கூடாதென்று அதையே எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தோம்.

அடுத்த வருடம் சரியாக ஒரு காத்தி வாங்கினேன். அம்மாவின் ருசி அப்படியே வந்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா தின்றுவிட்டு முகம் வாடினாள்.

"என்னக்கா, இந்த வருசம் உங்க ஊரு கேக்கு போடலயா? அதுதான் நல்லாருந்துச்சு லா."

அதிலிருந்து ஒன்றரைதான். என் பிள்ளைகளும் அதைத் தின்றே வளர்ந்தார்கள். லயத்தில் அதற்குப் பாளையங்கோட்டை கேக் என்று பெயரே விழுந்துவிட்டது.

எண்பதுகளில் ஒரு டிசம்பருக்கு ஊருக்குப் போனோம். அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்திருந்தது. நீயே போடு என்றாள். நானும் கை பழகிய அளவுக்குப் பழத்தைக் கொட்டினேன். அதே அடுக்களை, அதே கரிநெருப்பு. வெந்ததும் அம்மா ஒரு துண்டை வாயில் போட்டாள். விருந்துக்குப் போன வீட்டில் தின்பது போல மெதுவாக, மரியாதையாக மென்றாள்.

"நல்லாத்தாம்ளா இருக்கு. உங்க ஊர்ல இப்படித்தான் போடுவாவளோ?"

ஆமாம்மா என்றேன். தட்டில் சிந்திக் கிடந்த உதிரியை விரலால் ஒற்றி ஒற்றித் தின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.