நோட்டீசில் அச்சான கனவு ட்ரூப்

"பேஸ் இல்லேன்னா பாட்டுல என்ன கொறையும், சொல்லு பாப்போம்?"

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஹம்சவேணி அக்கா என்னிடம் இதைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசிப்பது போல மானிட்டரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, பதிலைச் சொல்லவும் இல்லை. "சரி, வேலையப் பாரு" என்று திரும்பிக்கொண்டார்.

மதுரை சிம்மக்கல்லில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் எல்லாம் செய்து தரும் கடை அது. நான் அலங்காநல்லூர்ப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் காலேஜில் சேரவில்லை. ஒரு துணிக்கடையில் நாற்பது நாள், ஒரு மருந்துக்கடையில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, மூன்றாவதாக இங்கே வந்தேன். "இவளுக்கு எங்கயும் குண்டி தரிக்காது" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இந்தக் கடையில் நான் இன்னும் இருப்பதற்குக் காரணம் ஹம்சவேணி அக்காதான்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. சௌராஷ்டிரக் குடும்பம், மகால் பக்கம் வீடு. போனில் கணவரோடு அவர்கள் பாஷையில் பேசிவிட்டு, வைத்த கையோடு என்னை மதுரைத் தமிழில் திட்டுவார். பகலில் கடையில் டைப் அடிப்பார், பிழை பார்ப்பார். திருவிழாக் காலத்தில் கச்சேரி ட்ரூப்பில் பேஸ் கிட்டார் வாசிப்பார். நாலு தடித்த கம்பி உள்ள கிட்டார் அது. அடியில் 'தும் தும்' என்று போகும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அண்ணனுடைய ட்ரூப்பில் பேஸ்காரர் திடீரென்று நின்றுவிட, பதினெட்டு வயதில் ஒரு நாளைக்கு மட்டும் என்று மேடை ஏறியவர். அண்ணன் ட்ரூப்பைக் கலைத்துவிட்டுப் போனார். இவர் வெவ்வேறு ட்ரூப்புகளில் முப்பது வருடம் நின்றுவிட்டார். கிட்டாரைச் சுமந்து சுமந்து இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீபோர்டு மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிடுவார். எழும்போது கன்னத்தில் எழுத்துக் கட்டைகளின் தடம் இருக்கும்.

வேலை இல்லாத நேரத்தில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். கழித்த பேப்பரின் பின்பக்கம் ஒரு கனவு ட்ரூப்புக்கு ஆள் எடுப்பது. உலகத்தில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம், செத்தவர்களையும் எடுக்கலாம். எனக்கு வெள்ளைக்காரர்களின் ராக் பாட்டு பிடிக்கும். பாதி வார்த்தை புரியாது. ஆனால் பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டால், எனக்குப் பதிலாக வேறு யாரோ கத்துவது போல இருக்கும். நான் போனில் ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டுவேன். அக்கா ஒரு பக்க இயர்போனில் கண்ணை மூடிக் கேட்பார்.

"கை நல்லாருக்கு. ஆனா இவரு நம்ம வேன்ல வருவாரா?"

"என்னக்கா கேக்குறீங்க? உலகப் புகழ்பெற்ற டிரம்மர்!"

"இருக்கட்டும். ராமநாதபுரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் மேல கால மடக்கி வச்சு உக்காந்து வரணும்ல? இம்புட்டு ஒசரமா இருக்காரு. முட்டி தாடையில இடிக்கும்."

அவருடைய தேர்வு அப்படித்தான். ஒருவரை, சாப்பாடு லேட்டானால் மைக்கை எறிவார் போலிருக்கிறது என்று தள்ளினார். இன்னொருவரை, பெட்டி இறக்கும்போது காணாமல் போகிற முகம் என்று தள்ளினார். இப்படிச் சலித்துச் சலித்து நாலு பேர் தேறினார்கள். ஒரு பாடகர், ஒரு லீடு கிட்டார், ஒரு டிரம்ஸ், ஒரு கீபோர்டு. அவர்கள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதிப் பட்டது போதும். ஐந்தாவது இடமான பேஸை மட்டும் அக்கா நிரப்பவே விடவில்லை. நான் யாரைச் சொன்னாலும், "அது இருக்கட்டும், பெறகு பாத்துக்கலாம்" என்பார்.

போன பங்குனியில் ஒரு நாள் அக்கா வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ட்ரூப் நடத்தும் விக்ரம் பேசினார். கடைசி மூன்று வருடமாக அக்கா அவருடைய ட்ரூப்பில்தான் வாசித்தார். சத்தமாகப் பேசும் ஆள் என்பதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இப்ப எல்லாம் முன்னாடியே ரெக்கார்டு பண்ண ட்ராக்க லேப்டாப்ல போட்டுர்றோம். பேஸ் அதுலயே வந்துருது. வேன்லயும் எடமில்ல."

"சரிப்பா" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட காதுகுத்துப் பத்திரிகையைத் தொடர்ந்து அடித்தார். தாய்மாமன் பெயரில் ஒரு புள்ளி விட்டிருந்ததைக்கூடச் சரியாகப் போட்டார். மாலை கிளம்பும்போதுதான், "நல்லதுதான் மீனா. இடுப்பு முடியல" என்றார். குரலில் அழுகை இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நாலு நாள் கழித்து சோழவந்தானுக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரிலிருந்து மந்தையம்மன் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் முத்திருளன் நோட்டுப் பேப்பரில் எழுதிக் கொண்டுவந்ததை அக்கா வாங்கிப் படித்தார். மூன்றாம் நாள் கச்சேரி: விக்ரம் குழுவினர். பேப்பரை என் மேஜைக்குத் தள்ளினார்.

"இத நீயே அடிச்சு, நீயே பாத்துரு."

அக்கா பிழை பார்க்காத நோட்டீஸ் அந்தக் கடையில் அதுதான் முதல்.

வாசிப்பவர்களின் பெயரை விக்ரம் வாட்ஸப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார், அனுப்பவில்லை. இடம் எவ்வளவு வேண்டும் என்று தெரிய ஏதாவது பெயர் போட்டு வைப்பது வழக்கம். எனக்கு அன்று விக்ரம் மேல் கோபம். எங்கள் கனவு ட்ரூப்பின் நாலு பெயரையும் தமிழில் அடித்தேன். ஐந்தாவதாக, 'பேஸ் கிட்டார்: ஹம்சவேணி' என்று அடித்தேன். அக்காவுக்குக் காட்டிச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் கீபோர்டு மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. விக்ரம் பெயர்களை அனுப்பியதும் மாற்றிக்கொள்ளலாம் என்று மாதிரியை அப்படியே முத்திருளனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். அவர் தன் பெயரும் உபயதாரர்கள் வரிசையும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில், சரி என்று கட்டைவிரல் படம் வந்தது. அப்போது முதலாளி ஐந்து வேலை சொன்னார், நான் ஆறாவதாக இதை மறந்தேன். மறுநாள் நோட்டீஸ் அச்சாகி, அம்மன் காலடியில் வைத்துக் கும்பிடப்பட்டு, பதினெட்டுப்பட்டிக்கும் போய்விட்டது.

நோட்டீஸ் போன மூன்றாம் நாள் முத்திருளன் கடைக்கு வந்தார். கூடவே இளவட்டம் இரண்டு பேர்.

"ஏம்மா, யாரு இத அடிச்சது?"

எழுந்து நின்றேன்.

"எங்க ஊருப் பயலுக போன்ல தேடிப் பாத்துட்டாய்ங்க. இதுல ரெண்டு பேரு செத்துப் போயிட்டாங்களாம்ல?"

"மூணு பேரு மாமா" என்றான் பக்கத்தில் நின்றவன். "மிச்சம் ஒருத்தர் லண்டன்ல இருக்காரு. நடக்க முடியாதாம்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், இந்த வேலையும் முடிந்தது என்று புரிந்தது. "வேற நோட்டீஸ் அடிச்சுத் தந்துர்றோம்ணே" என்றார்.

"அது எப்படிய்யா? சாமி பேரப் போட்டு, சாமி காலடியில வச்சு எடுத்தது. எங்க ஊர்ல நோட்டீஸ்ல பேரு விட்டுப்போச்சுன்னு ஒரு சம்பந்தமே முறிஞ்சிருக்கு. போட்ட பேர எடுத்தா அம்மனுக்கு யாரு பதில் சொல்றது?" முத்திருளன் நோட்டீசை எட்டப் பிடித்து மறுபடியும் படித்தார். "செத்தவங்கள விட்டுருவோம். லண்டன்காரரையும் விட்டுருவோம், பாவம். இந்த ஹம்சவேணி யாரு? உசுரோட இருக்கா?"

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

"இருக்கேன்" என்றார் அக்கா.

முத்திருளன் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்ப நீங்க வந்துருங்கம்மா. விக்ரம்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர்கள் போனபின் அக்கா நோட்டீசை எடுத்துப் பார்த்தார். நாலு பெயருக்குக் கீழே தன் பெயர் இருந்ததை வெகுநேரம் பார்த்தார்.

"என்னையக் கேட்டியா?"

"இல்லக்கா."

"நானே வேணாம்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன். இப்பத்தான் நாலு நாளா நல்லாத் தூங்குறேன்."

அன்று மாலை விக்ரம் போன் செய்து, "பேரப் போட்டு எடத்தப் பிடிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "அச்சுல வந்துருச்சுப்பா, வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

கச்சேரி அன்று நானும் கூடப் போனேன். கிட்டாரை நான் தூக்கிக்கொண்டேன். நெல் மூட்டை மாதிரி கனத்தது. மேடை ஊர்ப் பொதுத் திடலான மந்தையில், சாயந்திரம் ஏழு மணிக்கு ஆரம்பம். விக்ரம் லேப்டாப்பை வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, ட்ராக்லயே எல்லாம் இருக்கு. நீங்க சும்மா கைய வச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

அக்கா மேடையின் இடது ஓரத்தில் நின்றார். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் முத்திருளன் ஒரு துண்டைப் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. முதல் பாட்டு ஆரம்பித்ததும் முன் வரிசையிலிருந்து நான் கவனித்தேன். கிட்டாரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வயர் கீழே சுருண்டு கிடந்தது. எங்கேயும் மாட்டவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், மைக் செட் பேயாண்டி அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, அக்கா வயர மாட்டி விடுங்கண்ணே."

"வேணாம்னு விக்ரம் சொல்லிருக்கான்த்தா. நான் என்ன பண்ண?"

நானே வயரைத் தூக்கிக்கொண்டு அக்கா பக்கம் போனேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"விடு மீனா. ட்ராக்குல ஒருத்தரு நல்லா வாசிச்சிருக்காரு. அதுக்கு மேல நானும் வாசிச்சா ரெண்டும் கொழம்பும். பாட்டு கெட்டுரும்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சும்மா நிற்கச் சொன்ன இடத்தில் அக்கா சும்மா நிற்கவில்லை. பதினான்கு பாட்டுக்கும் விரல் சரியான இடத்தில் போய் வந்துகொண்டே இருந்தது. அவர் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. வேர்த்து ஊற்றியது. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் தோளை ஒரு முறை உயர்த்தி இறக்கினார்.

கடைசியில் முத்திருளன் ஒரு துண்டுச்சீட்டை மேடைக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஊர் அம்மன் மேல் யாரோ எப்போதோ கட்டிய பாட்டு. கச்சேரி அதில்தான் முடிய வேண்டுமாம். விக்ரம் லேப்டாப்பில் தேடினார். அது இருக்க வழியில்லை.

"ட்ராக் இல்லண்ணே" என்றார் மைக்கில்.

"ட்ராக் எதுக்கு மாப்ள? அம்புட்டுப் பேரு நிக்கிறீக, வாசிங்கப்பா!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது.

பாடகி சத்யப்ரியா ஊர்க்காரர் ஒருவரிடம் மெட்டைக் கேட்டு முணுமுணுத்துப் பார்த்தார். டிரம்ஸ்காரர் தாளத்தைப் பிடித்தார். விக்ரம் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, வயரை எடுத்து அவரே மாட்டிக்கொண்டார்.

முதலில் என் பிளாஸ்டிக் நாற்காலிதான் அதிர்ந்தது. பிறகு தரை. பாட்டு நன்றாக இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொம்பளைகள் எழுந்து குலவை போட்டார்கள். பாதியில் திடீரென்று ஏதோ நின்றது. பாட்டு இருந்தது, தாளம் இருந்தது. ஆனாலும் இருட்டில் படி இறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போனது போல இருந்தது. பக்கத்தில் குலவை போட்டுக்கொண்டிருந்த இருளாயி என்ற அம்மாவும் ஏனென்று தெரியாமல் மேடையைப் பார்த்தார். மூன்று நான்கு நொடிதான். மறுபடி நாற்காலி அதிர்ந்தது.

முடிந்ததும் விக்ரம், "நல்லாருந்துச்சுக்கா" என்றார். லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார். என்னை முதலாளி நீக்கவில்லை. அக்கா பேசியிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன்.

"நடுவுல ஏன்க்கா நிறுத்துனீங்க?"

"வெரலு பிடிச்சுக்கிச்சு. வயசாச்சுல்ல." விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே கேட்டார். "ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சுக்கா."

அவர் கழித்த பேப்பர்க் கட்டிலிருந்து எங்கள் பழைய பட்டியலை எடுத்தார். ஐந்தாவது இடம் அதில் காலியாகவே இருந்தது. அங்கே தன் பெயரை எழுதி, மடித்து, சாப்பாட்டு டப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

இதை எழுதட்டுமா என்று இந்தத் தடவை முதலில் கேட்டேன். "எழுதிக்க" என்றார். அதனால் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். மதுரையிலும் சுற்றுப்பட்டியிலும் உங்களுக்குத் தெரிந்த ட்ரூப்காரர்கள், கமிட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களும் அடுத்தவர்களுக்கு அனுப்பட்டும். பேஸ் வாசிக்கக் கூப்பிடுகிறவர்களுக்காக அக்கா இரண்டு விஷயத்தைச் சேர்த்து எழுதச் சொன்னார். வேனில் முன் சீட் வேண்டும். மேடையில் வயர் மாட்டியிருக்க வேண்டும்.