ஐந்தாம் மாதக் கட்டுச்சோறு

தம்பி பிறந்து ஒன்றரை வருடமாகியும் அம்மாவின் வயிறு உள்ளே போகவில்லை. ஆர்.எஸ்.மங்கலம் போகும் பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். அம்மா மறுக்காமல் உட்கார்ந்து, இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். அடுத்த வீட்டிலிருந்த பெரியம்மா, அதாவது அய்யாவின் அண்ணன் மனைவி, "என்னடி, மூணாவதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பாள். பிள்ளை பெற்றதும் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டாததுதான் காரணம் என்பது அவள் தீர்ப்பு. முப்பதாம் நாளே அம்மாவைக் கதிர்க்கட்டுச் சுமக்க வயலுக்கு அனுப்பியது யார் என்பதை அவள் வசதியாக மறந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ்தான் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து கிடக்கிறது, அது சேர வேண்டும் என்றார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி தொப்புளை முதுகோடு ஒட்டுகிற மாதிரி உள்ளே இழுக்க வேண்டும்; பத்து எண்ணும்வரை விடக்கூடாது. "பாதியில விட்டியன்னா பின்னாடி குடல் பிதுங்கிரும், பாத்துக்க" என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அய்யா மதியம் சாப்பிட்டுவிட்டு வயலுக்குத் திரும்பியதும், அம்மா நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எண்ணுவது என் வேலை. ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம் அது. கோபமாக இருக்கும் நாட்களில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி அவளைத் தவிக்க விட்டிருக்கிறேன். அவளால் திட்டவும் முடியாது, வாயைத் திறந்தால் பிடி போய்விடும். கடைசியில் அவள் தலையை லேசாகத் தூக்குவாள்; நான் தொப்புளுக்கு மேலிருந்த பள்ளத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். முதல் நாள் நாலு விரலும் உள்ளே போயின. காலாண்டு லீவு வருவதற்குள் இரண்டுதான் போயின. அன்று அம்மா எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "யாருகிட்டயும் மூச்சு விட்டுறாத" என்றாள். ஒரு பொம்பளை பட்டப்பகலில் படுத்துக்கொண்டு வயிற்றை எக்குகிறாள் என்று தெரிந்தால் பெரியம்மா ஊரைக் கூட்டிவிடுவாள்.

லீவுக்கு உச்சிப்புளியில் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் அண்ணன் அவர். அத்தை எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே, "ஒங்கம்மா வயிறு இன்னும் பெருசாத்தான் இருக்காமே. முழுகாம இருக்காளாக்கும்?" என்றாள். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும், பயிற்சியைச் சொல்ல வேண்டிவரும். நான்தான் கெட்டிக்காரியாயிற்றே. "ஆமாத்தே" என்றேன்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு."

ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் மாதம் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். தலைப்பிள்ளையோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். அய்யா அப்படியில்லை, தம்பி வயிற்றில் இருந்தபோது வெறுங்கையோடு வந்துபோன மச்சினனை அதுவரைக்கும் குத்திக்காட்டிக்கொண்டிருந்தார். மாமாவும் ரோஷக்காரர். நான் ஊர் திரும்பிய மறு வாரம், அத்தையோடும் ஐந்து தூக்குவாளிகளோடும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். அத்தை கையில் தாம்பாளம், அதில் சேலையும் வளையலும். தெருப் பெண்கள் பின்னாலேயே வந்தார்கள்.

அம்மா கையில் விளக்குமாற்றோடு நின்றாள். "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லண்ணே" என்று இரண்டு முறை சொன்னாள்.

"ஒம் மகதான சொன்னா, அஞ்சு மாசம்னு" என்று அத்தை என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

அய்யா வேலியிலிருந்து ஒரு கம்பை உருவினார். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அவளச் சொல்லச் சொன்னதே நாந்தான்" என்றாள்.

மாமா கையிலிருந்த தூக்குவாளியைத் திண்ணையில் வைத்தார். பிறகு, "சீரு வேணும்னா வாய்விட்டுக் கேட்டிருக்கலாமேத்தா. இல்லாத புள்ளையச் சொல்லியா வாங்கணும்?" என்றார். அத்தை அழுதுவிட்டாள். பெரியம்மா சும்மா இருப்பாளா? "மதியமானா கதவச் சாத்திக்கிட்டு வயித்த எக்கி எக்கி ஊதுனது இதுக்குத்தானா? நாஞ் சன்னல் வழியா எத்தன நாளு பாத்தேன்" என்றாள். வயிற்றை உள்ளே தள்ளப் பட்ட பாடெல்லாம், வெளியே தள்ளி ஏமாற்றச் செய்த வித்தையாகிவிட்டது. சீருக்காக வருடக்கணக்கில் பேசிய அய்யா, அன்று திடீரென்று மானஸ்தராகிச் சேலையைத் தாம்பாளத்தோடு திருப்பிக் கொடுத்தார். "இனிமே பகல்ல அந்தக் கதவச் சாத்துன, கொன்னுருவேன்" என்றார்.

மாமா மறுபடி எங்கள் வீட்டுப் படியேற என் கல்யாணம் வரவேண்டியிருந்தது. அம்மா பயிற்சியை அத்தோடு விட்டாள். நான் பத்தாவது படிக்கும்போது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுகையில், நர்ஸ் சொன்னபடியே குடல் பிதுங்கியது. மதுரையில் ஆபரேஷன். அதன்பிறகு அவள் எதையும் தூக்கவில்லை, என் பிள்ளைகளைக்கூட உட்கார்ந்தபடிதான் மடியில் வாங்கிக்கொண்டாள். பெரியம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னை என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

அன்று எல்லோரும் போன பிறகு, திருப்பி அனுப்ப முடியாத சோற்றை அம்மா எனக்குத் தட்டில் வைத்தாள். அவள் தொடவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று அப்போதும் கேட்கவில்லை, பிறகு எப்போதும் கேட்கவில்லை. தான் சொல்லச் சொன்னதாகவே அம்மா தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், நல்லவேளை, நாமாக ஞாபகப்படுத்தக் கூடாது என்று தீர்மானித்து, சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.