சாவி இல்லாத படகு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நடுவில், என் சொந்தப் படகில் குந்திக்கொண்டு, டிபன் பெட்டியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன்.

சொந்தப் படகுதான். சரியாகத்தான் படித்தீர்கள்.

பாதிச் சொந்தம் என்று சொல்வது இன்னும் நேர்மை. மறுபாதி என் நண்பன் நிஸாருடையது. அலவத்துகொடக்காரன், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒருவர் தன் படகை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, டபுள் கேப் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு திகனைக்குப் போனவன் அவன்தான். வெள்ளை ஃபைபர் படகு. நாலு பேர் உட்காரலாம். பின்னால் சின்னதாக ஒரு எஞ்சின், கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிற ரகம். நிஸார் படகை மூன்று தரம் சுற்றி வந்தான். தட்டிப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான்.

“மச்சான், எஞ்சின் நல்லா ஈக்கி. போட்டுக்கும் ஒண்டும் இல்ல. வாங்குவோமா?”

எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? என் கந்தோர் கண்டி வாவிக்குப் பக்கத்தில். இருபத்தெட்டு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாவிக் கட்டில் நின்று, சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து போகிற படகுகளை வேடிக்கை பார்த்தவன் நான். சக கிளார்க்குகள் சம்பள உயர்வு பற்றிப் பேசுவார்கள். நான் படகு திரும்புகிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நானும் இப்படி... என்று ஒரு நினைப்பு. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம்தான், வேறென்ன?

வீட்டில் சொன்னபோது சிரிக்கவில்லை. அதுதான் பிரச்சினை.

என் மனைவி மல்லிகா கணித ஆசிரியை. பிறந்தது மடுல்கெல்லையில், தேயிலை மலைக்கு நடுவில். அவளுக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் ஒரு வரியில் இருக்க வேண்டும்.

“போட்டு எதுக்குங்க?”

“சும்மா... போய்ட்டு வர்றதுக்கு.”

“எங்க போய்ட்டு வர்றதுக்கு?”

“எங்கயும் இல்ல. கொஞ்ச தூரம் போய்ட்டு, திரும்பி அதே எடத்துக்கு.”

அவள் என்னை விடைத்தாள் திருத்துகிறபோது பார்க்கிற பார்வை பார்த்தாள். “மீனும் புடிக்கப் போறதில்ல. சாமானும் ஏத்தப் போறதில்ல. எங்கயும் போகாத ஒன்ன எதுக்கு வாங்கணும்?”

யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம்தான். நம்மவர்கள் எப்போது காரணமில்லாமல் வெளிக்கிளம்பியிருக்கிறோம்? கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில் — இந்த நாலில் ஒன்று இருந்தால்தான் வீட்டைப் பூட்டுவோம். நுவரெலியாவுக்குப் போனால்கூட வரும்போது கரட்டும் லீக்ஸும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தால்தான் போன பயணம் போன மாதிரி இருக்கும்.

கடைசியில் நிஸார் முன்னிலையிலேயே தீர்ப்புச் சொன்னாள். “ஒரு ரவுண்டு வர்றேன். ஒரே ஒரு ரவுண்டு. எனக்குப் புடிக்கலன்னா வித்துடணும். நிஸார் நானா, நீங்களும் கேட்டுக்கங்க.”

நாங்கள் இருவரும் தலையாட்டினோம். மல்லிகா சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூடப் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. இருபத்தெட்டு வருஷ ஆசை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுண்டில் தொங்கியது.

ஆனால் அந்த ஒரு ரவுண்டுக்கு முன்னால் வாகனப் பூசை போட்டே ஆக வேண்டும் என்று மல்லிகாவே சொல்லிவிட்டாள். விற்கப் போகிற வாகனமாக இருந்தாலும் பூசை போடாமல் அவள் ஏறமாட்டாள்.

எங்கள் வீட்டில் சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள் வரை எல்லாம் கோயில் வாசலில் பூசை போட்ட பிறகுதான் ஓடியிருக்கின்றன. ஆகவே முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில், படகை நன்றாகக் கழுவி, ட்ரெய்லரில் ஏற்றி, டபுள் கேப்பில் கொழுவி, கண்டி டவுனுக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்தோம். சந்தியில் பொலிஸ்காரர் விசில் ஊத மறந்து பார்த்துக்கொண்டு நின்றார். மீன் வியாபாரம் தொடங்கப் போகிறீர்களா என்று முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

இங்கே படகைப் பற்றி ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். படகின் அடியில், பின்பக்கம், எஞ்சினுக்குக் கிட்ட ஒரு ஓட்டை இருக்கும். கரையில் வைத்துக் கழுவினால் தண்ணீர் வடிந்து போவதற்கு. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பித்தளை மூடியைத் திருகி அதை அடைப்பார்கள். அன்று காலை கழுவும்போது அந்த மூடியைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டிருந்தேன். மூடியை நீங்களாவது மறக்காமல் இருங்கள்.

கோயில் வாசலில் ஐயர் படகைச் சுற்றி வந்தார். அவர் கையில் நாலு தேசிக்காய். ட்ரெய்லருக்கோ இரண்டு சக்கரம்தான். இரண்டை டயருக்கு அடியில் வைத்தார். ஒன்றைப் பச்சைமிளகாயோடு கோத்துப் படகின் முன்மூக்கில் கட்டினார். மிச்சமிருந்த ஒன்றை எங்கே வைப்பது என்று சற்றுநேரம் யோசித்துவிட்டு என் கையில் கொடுத்தார். அதைச் சாயங்காலம் பிழிந்து குடித்துவிட்டேன் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பிறகு தட்டை நீட்டினார். “திறப்பைத் தட்டில வையுங்கோ.”

“இதுக்குச் சாவி இல்லைங்க, ஐயா. கயிறு இழுக்கிற எஞ்சின்.”

“திறப்பில்லாமல் எப்பிடிப் பூசை செய்யிறது? ஏதாவது ஒண்டு வையுங்கோவன்.”

பின்னால் ஒரு லொறி பூசைக்குக் காத்துக்கொண்டிருந்தது. நான் அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவினேன். கைக்குட்டை, பஸ் டிக்கட், பித்தளை மூடி. மூடியைத் தட்டில் வைத்தேன். ஐயருக்குத் திருப்தி. அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தீபாராதனை காட்டி, பூவோடு சேர்த்து, அப்போதுதான் உள்ளே கும்பிட்டுவிட்டு வந்த மல்லிகாவின் கையில் கொடுத்தார்.

கோயிலிலிருந்து வருகிற எதையும் மல்லிகா எங்கே வைப்பாள்? சாமிப்படங்கள் இருக்கிற அலுமாரியில், பிள்ளையாருக்கு முன்னால். அங்கேதான் வைத்தாள். நான் அதை அடியோடு மறந்து போனேன்.

ஒரு வாரம் கழித்து... போன ஞாயிறு. நல்ல வெயில். கரையில் படகை இறக்கினோம். மூன்று பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டோம். சேலைக்கு மேல் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டோடு மல்லிகா படகின் நடுவில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் தேங்காய்ப்பூப் போட்ட பொல் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் உள்ள டிபன் பெட்டி. நிஸார் முன்னால், பிளேன்டீ பிளாஸ்க்கோடு. நான் பின்னால், எஞ்சின் பிடியோடு.

கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. படகு கரையை விட்டு விலகியபோது எனக்கு நெஞ்சு நிறைந்து போனது, மறைக்க என்ன இருக்கிறது? தண்ணீரில் மலையெல்லாம் தலைகீழாகக் கிடந்தது. தூரத்தில் நக்கிள்ஸ் மலை முகில் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தது. நீர்க்காகம் ஒன்று காய்ந்த மரத்தில் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது. வாவிக் கட்டில் நின்ற கிளார்க் இப்போது தண்ணீருக்கு மேலே.

நான் அடிக்கடி மல்லிகாவின் முகத்தைப் பார்த்தேன். நிஸாரும் பார்த்தான். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்கிற முகம். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கால் மணி நேரம் கழித்து வாயைத் திறந்தாள்.

“ஏங்க, போட்டுக்குள்ள தண்ணி வர்றது வழக்கமா?”

“அது தெறிச்ச தண்ணி.”

“கணுக்கால் வரைக்கும் தெறிக்குமா?”

குனிந்து பார்த்தேன். அடிப்பலகைக்கு மேலே தண்ணீர் வந்துவிட்டிருந்தது. என் செருப்பு ஒன்று நிஸாரை நோக்கி நிதானமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தினேன்.

நிஸார் திரும்பினான். “மச்சான், மூடி போட்டயா?”

சட்டைப் பையைத் தொட்டேன். அது வேறு சட்டை.

“எந்த மூடி?” என்றாள் மல்லிகா.

“பித்தளையில... கட்டவெரல் அளவுக்கு...”

“அது மூடியா? போட்டுச் சாவின்னுல்ல நெனச்சேன். பத்தரமாத்தான் இருக்கு, சாமி அலுமாரியில. தெனமும் பூ வச்சுக் கும்பிடுறேன்.”

கரை எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கைக்குட்டையைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தேன், தண்ணீர் அதைத் திருப்பித் தள்ளிவிட்டது. எனக்குப் பயம் வந்தது. மூழ்கிவிடுவோம் என்றல்ல, ஜாக்கெட் இருக்கிறது. ஒரே ஒரு ரவுண்டு இப்படி முடிகிறதே என்ற பயம். படகு விற்பனைக்கு என்று மனசுக்குள் விளம்பரமே எழுதத் தொடங்கிவிட்டேன்.

மல்லிகா மட்டும் முன்மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிஸார் நானா, அந்தத் தேசிக்காய அத்துக் குடுங்க.”

நிஸார் தயங்கினான். “டீச்சர், அது கோயில்ல கட்டின சாமான். நான் தொட்டாக் காரியமில்லயா?”

“நீங்கதான் தொடணும். நான் எந்திரிச்சு வந்தா போட்டு கவுந்துரும்.”

அவன் வாய்க்குள் பிஸ்மில்லாஹ் சொல்லித் தேசிக்காயைப் பறித்து நீட்டினான். ஒரு வாரம் வெயிலில் கிடந்து தோல் இறுகியிருந்தது. மல்லிகா தவழ்ந்து பின்பக்கம் வந்தாள். என்னை நகரச் சொன்னாள். தேசிக்காயை ஓட்டையில் வைத்து, செருப்பைக் கழற்றி நாலு அடி அடித்தாள். அரைவாசி உள்ளே போய்க் கெட்டியாக உட்கார்ந்தது. அதன் மேல் குதிகாலை ஊன்றி அழுத்திக்கொண்டாள். தண்ணீர் நின்றது.

இப்போது ஒரு சிக்கல். ஓட்டை இருப்பது பின்னால். காலை எடுத்தால் தண்ணீர் வரும். ஆகவே அவள் பின் இருக்கையில்தான் இருந்தாக வேண்டும். எஞ்சின் பிடியும் அங்கேதான் இருக்கிறது.

“இத எப்புடி ஓட்றது?”

“வலப்பக்கம் போகணும்னா இடப்பக்கம் தள்ளணும். இடப்பக்கம் போகணும்னா...”

“வெளங்குது. தலைகீழா செஞ்சு வச்சிருக்காங்க. கயித்த இழுங்க.”

இழுத்தேன். பிறகு டிபன் பெட்டியை அவள் காலி செய்து தந்தாள், ரொட்டியை நிஸார் மடியில் வாங்கிக்கொண்டான். நான் குனிந்து இறைக்கத் தொடங்கினேன். கட்டச் சம்பல் ஒட்டிய பெட்டி. தெறித்த தண்ணீர் கண்ணில் பட்டு எரிந்தது. நூறு தரமாவது இறைத்திருப்பேன். முதுகு விட்டுப்போய் நிமிர்ந்தபோது கரை கிட்ட வந்திருக்க வேண்டும் அல்லவா?

கரை இன்னும் தூரத்தில் இருந்தது. முதலில் பார்த்ததை விட அதிகத் தூரத்தில்.

“மல்லிகா... கரை அந்தப் பக்கம்.”

“தெரியும்.”

“அப்ப இங்க எங்க போறோம்?”

“தண்ணி இப்ப உள்ள வருதா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன அவசரம்?”

படகைச் சாய்த்து ஒரு பெரிய வட்டம் போட்டாள். நிஸார் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். காற்றில் அவள் கொண்டை அவிழ்ந்து பறந்தது. அவள் சிரித்தாள். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து... அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் வரவில்லை. படகு கிடைத்தபோது வந்த சந்தோஷத்தை விட அப்போது வந்தது பெரியது. டிபன் பெட்டியோடு அப்படியே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மூன்று வட்டம் போட்டோம். நனைந்த ரொட்டியைப் படகிலேயே சாப்பிட்டோம். அதற்கு மேல் ருசியான ரொட்டியை நான் சாப்பிட்டதில்லை.

ஆனாலும் திரும்பும் வழியில் டபுள் கேப்பில் அவள் தீர்ப்பைச் சொல்லாமல் கொண்டையை முடிந்துகொண்டு வந்தாள். எங்களுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் நிஸார் மெல்ல ஆரம்பித்தான்.

“டீச்சர்... போட்ட வைக்கியதா, விக்கியதா?”

அவள் உள்ளே போனாள். சாமி அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பித்தளை மூடியோடு வெளியே வந்தாள். குங்குமத்தைத் துடைக்கவில்லை. அதன் தலையில் இருந்த சின்ன வளையத்தைத் தன் சாவிக்கொத்தில் கோத்தாள். வீட்டுச் சாவி, பள்ளிக்கூட அலுமாரிச் சாவி, பக்கத்தில் படகு மூடி. கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கே கெளம்பிறணும்” என்றாள்.

“எங்க?” என்றேன்.

“எங்கயும் இல்ல.”