கண்ணாடிக் கூட்டில் ஒளித்த ஊசி

சட்டைத் தொழிற்சாலையில் அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எண்பது துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சாக்பீஸால் கோடு போட்டிருப்பார்கள். மின்கத்தியை நிமிர்த்திப் பிடித்து அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போவார். மேல் துணிக்கும் அடித் துணிக்கும் இம்மி பிசகாது. இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்த வேலை அதுதான்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, துணி நகராமல் அழுத்திப் பிடிப்பவர் அக்கா. மாஸ்டரைவிட மூன்று வயது மூத்தவர். பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே மேசை. அக்காவுக்கு வாய் ஓயாது, மாஸ்டருக்கு வாய் திறக்காது. மாஸ்டர் பேசுவதற்கும் சுவிட்ச் போட வேண்டும் என்று அக்கா கேலி செய்வார். மாஸ்டர் சிரித்துவிட்டுக் கத்தியை ஓட்டுவார்.

சர்க்கரை வியாதி மாஸ்டருக்கு நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. கொஞ்ச காலம் மாத்திரையில் ஓடியது. பிறகு அது மாத்திரைக்கு மசியவில்லை. காலையில் போட ஓர் இன்சுலின், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் போட வேறோர் இன்சுலின் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பேனா மாதிரி இருந்த அந்த ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த நர்ஸ், ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"சாப்பாட்டுக்குப் போடுறது வேகமா வேலை செய்யுற மருந்துங்க. பத்து பதினைஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சிடும். வயித்துல சோறு இல்லன்னா ரத்தத்துல இருக்கிற சர்க்கரையைப் பிடுங்கிடும். தட்டு முன்னாடி வந்தப்புறம் போடுங்க. சாப்பாடு தள்ளிப்போனா ஊசியையும் தள்ளிப் போடுங்க."

மாஸ்டர் தலையாட்டினார். கூட வந்திருந்த மனைவி, தொழிற்சாலையில் இதைச் சொல்லிவிடும்படி வழியெல்லாம் கெஞ்சினார். அவர் கேட்கவில்லை. தையல் பிரிவில் ஒருவர் தனக்கு வலிப்பு வரும் என்று வாய்விட்டுச் சொன்ன மறுவாரமே, அவரை மெஷினிலிருந்து எழுப்பி மூட்டை தூக்க அனுப்பியிருந்தார்கள். கத்தியைப் பிடுங்கிவிட்டால் தான் ஓர் ஆளே இல்லை என்று மாஸ்டர் நினைத்தார். ஊசியை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு மணி அடித்தால் கழிவறை முன்னால் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால், ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் ஊசி போட்டுக்கொண்டு வருவார். ஏழு மாதம் அது பிசகில்லாமல் நடந்தது.

ஒருநாள் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வாசலிலேயே சூப்பர்வைசர் மறித்தார். அனுப்ப வேண்டிய சரக்கில் ஒரு கட்டு குறைகிறது, வண்டி காத்திருக்கிறது, பத்து நிமிஷ வேலைதான், முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாரே என்ற பயத்தில் அதைச் சொல்லவில்லை. பத்து நிமிஷம்தானே என்று கத்தியை எடுத்தார்.

துணியை விரிக்கவே இருபது நிமிஷம் ஆனது. வெட்டத் தொடங்கி ஒரு சட்டைக் கை முடிந்து அடுத்த சட்டைக் கை வரும்போது சாக்பீஸ் கோடு இரண்டாகத் தெரிந்தது. காரணமில்லாமல் எல்லார்மேலும் எரிச்சல் வந்தது.

"மாஸ்டர், சட்டையெல்லாம் நனைஞ்சு கிடக்கு. மெஷினை அணைச்சிட்டுக் கொஞ்சம் உட்காருங்க" என்றார் அக்கா.

"நீ உன் வேலையைப் பாரு."

பதினோரு வருஷத்தில் அவர் அக்காவை 'நீ' என்று சொன்னதில்லை. அக்கா திகைத்து அவர் முகத்தைப் பார்த்தார். துணியை அழுத்தியிருந்த தன் கையை எடுக்கவில்லை. கத்தி கோட்டை விட்டு விலகியது.

அதற்குப் பிறகு மாஸ்டருக்கு நினைவிருப்பது வாயில் இனிப்புதான். தையல் பிரிவுப் பெண் ஒருத்தி, சர்க்கரை இறங்கி மயங்கும் தன் அப்பாவைப் பார்த்துப் பழகியவள், அவரைச் சுவரோரம் உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். தெளிவு வரக் கால் மணி நேரம் ஆனது. மேசையில் ரத்தம் கிடந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். இடது கையில், கத்தி ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்ளும் கம்பிவலைக் கையுறை அப்படியே இருந்தது. துணி பிடிப்பவர்களுக்கு அந்தக் கையுறை கொடுப்பதில்லை.

அக்காவுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

மூன்றாம் நாள் விசாரணை வைத்தார்கள். அக்கா கவனக்குறைவாகக் கத்தியின் பாதையில் கை வைத்ததால் விபத்து என்று அறிக்கை தயாராக இருந்தது. மாஸ்டருக்கு வெக்கையில் தலைசுற்றல் என்று எழுதி அவரை ஓரமாக விட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் போதும், கத்தி அவரிடமே இருக்கும். பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கூட்டை எடுத்துத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"அக்கா மேல தப்பில்ல. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம மெஷினைத் தொட்டது நான். சாப்பிட விடாம நிறுத்தினதையும் எழுதுங்க."

அறிக்கையை மாற்றி எழுதினார்கள். மாஸ்டரைப் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

மனைவியோடு அக்காவின் வீட்டுக்குப் போனார். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஊசி போடுறதுல என்ன மாஸ்டர் அசிங்கம்? எங்கிட்ட சொல்லியிருந்தா, முதல்ல போய்ச் சாப்பிடுங்கன்னு நானே துரத்தியிருப்பேனே."

மாஸ்டரின் மனைவி அழுதார். அக்கா அவரைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

இப்போது மாஸ்டர் உணவுக்கூடத்தில் எல்லார் எதிரிலும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்கிறார். தட்டு வந்ததும் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கத்தி போன பிறகும் அவர் மாஸ்டராகத்தான் இருக்கிறார். ஏழு மாதமாக எதற்குப் பயந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். பிசிறு வெட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள். இடது உள்ளங்கையால் சட்டையை அழுத்திக்கொண்டு, வலக்கையால் தொங்கும் நூலைக் கத்தரிக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. அவர் முடித்த சட்டைகள் மாஸ்டரின் மேசைக்கு வருகின்றன. சிலவற்றில், அழுத்திப் பிடிக்க முடியாத காலர் மூலையில், நூல் வெட்டாமல் நிற்கும். திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. மாஸ்டர் யாரும் பார்க்காதபோது அதைத் தானே கத்தரித்துவிட்டு, சட்டையை மடித்து உறையில் போடுகிறார்.