மாப்பிள்ளை கொண்டு வந்த பெல்ஜியம் பீர்

ஆபீஸ் வேலையா பெல்ஜியம் போயிருந்த மாப்பிள்ளை நேத்து எங்க ஊரு சித்தூருக்கு வந்தாருங்க. எனக்குன்னு ஒரு பீர் பாட்டில் கொண்டு வந்தாரு.

"அவரு இதையெல்லாம் தொடமாட்டாருப்பா"ன்னு மக முன்கூட்டியே சொல்லிட்டா.

இன்னைக்கு மத்தியானம் திறந்தோம். பாட்டில்ல என்ன எழுதியிருக்குதோ, நமக்குத் தமிழே படிக்க வராது. கருப்பட்டித் தண்ணியாட்ட நிறம். கள்ளு நுரையை ஊதற மாதிரி ஊதினேன், நுரை அசையலீங்க. ஒரே மடக்குல பாதி டம்ளரை இறக்கிட்டேன்.

மாப்பிள்ளை பதறிட்டாரு. "மெதுவாங்க மாமா! நம்மூர் பீரை விட ரெண்டு மடங்கு வீரியமுங்க."

அடுத்த வாயை நாக்குலயே வெச்சிருந்தேன். மறையூர்ல வெல்லப்பாகு இறக்கறப்ப வருமே, அந்த வாசம். பொறவு கிராம்பு.

"கொஞ்சம் சில்லிப்பு குறையட்டுங்க மாமா. அப்பத்தான் உலர்திராட்சை வாசம் தூக்கலா வரும்."

பொறுத்துக் குடிச்சேன். நெசமாலுமே திராட்சைங்க!

"ஏனுங் மாப்பிள்ளை, தொடாத ஆளுக்கு இதெப்படித் தெரிஞ்சுதுங்க?"

மனுசன் தலையைக் குனிஞ்சுட்டாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்கூட உக்காந்து நாலு வார்த்தை பேசினதே இன்னைக்குத்தான். எந்திரிச்சுப் போயிருவாரோன்னு பயந்து, மீதியை இன்னொரு டம்ளர்ல ஊத்தி நீட்டினேன்.

வாங்கிக்கிட்டாரு. ஆனா மாமனார் முன்னால குடிக்கக் கூடாதுன்னு முதுகைத் திருப்பி, சுவத்தைப் பாத்துக் குடிச்சாரு. திரும்பாமலே, "ஆரஞ்சுத் தோல் வாசமும் இருக்குதுங்க மாமா"ன்னாரு.

எனக்கு அது தட்டுப்படலை. பாட்டிலும் காலி.

பெல்ஜியத்துல மாப்பிள்ளைங்க எந்தப் பக்கம் பாத்துக் குடிப்பாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.